மெழுகுக் கட்டிகளும் ஓர் எண்ணும்

மார்பகப் புற்றுநோய் திரும்ப வருமா என்று கணிக்கும் மரபணுச் சோதனைகளை வெறும் அறிவியல் வெற்றியாகப் பேசுகிறோம். உண்மையில் அது ஓர் ஆவணக் காப்பகத்தின் கதை. அமெரிக்காவில் 1980களில் டாமாக்சிஃபென் மாத்திரையின் பயனை அறிய நடந்த பி-14 ஆய்வில், பெண்களின் கட்டித் துண்டுகளை மெழுகில் பதித்து வைத்திருந்தார்கள். யாருக்கு நோய் மீண்டது, யாருக்கு மீளவில்லை என்ற பதிவும் இருந்தது. பின்னாளில் 250 மரபணுக்களை அலசி 21ஐத் தேர்ந்து (16 புற்றோடு தொடர்புடையவை, 5 ஒப்பீட்டுக்கு), அந்த மெழுகுத் துண்டுகளில் 668ஐச் சோதித்து, 2004இல் முடிவை வெளியிட்டார்கள். ஆன்கோடைப் டிஎக்ஸ் நிலைபெற்றது இப்படித்தான். பரம்பரைக் கோளாறை இது பார்ப்பதில்லை. கட்டிக்குள் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்து, 0 முதல் 100 வரை ஓர் எண் தருகிறது. அதுவும் ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்2 மிகாத, ஆரம்பநிலைக் கட்டிகளுக்கு மட்டும்.

ஃபூக்கோவைப் படித்த நண்பர்கள் இதை உடல்மீதான அதிகாரம் என்று முடித்துவிடுவார்கள். அவ்வளவு சுலபமில்லை. 2000இல் அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகம் கூட்டிய நிபுணர் குழு, ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டி உள்ள பெரும்பாலோருக்கும் கீமோவைப் பரிந்துரைத்திருந்தது. அந்த வாந்தியிலிருந்தும் மயிர் உதிர்வதிலிருந்தும் பலரைக் காப்பாற்றியது இந்த எண்தான்.

நாமகிரிப்பேட்டையில் என் சின்னம்மாவுக்கு 18 வந்தது. கணுக்களுக்குப் பரவியிருக்கவில்லை. "ஏங்கண்ணு, நூத்துக்குப் பதினெட்டுன்னா நானு பாஸா, பெயிலா?" என்று கேட்டார். நூறில் பதினெட்டுப் பேருக்குத் திரும்பும் என்று அர்த்தமில்லை. 2004 ஆய்வில் 18க்குக் கீழே இருந்தவர்களில் பத்தாண்டுக்குள் வேறு உறுப்பில் நோய் தலைகாட்டியது 6.8 சதவீதம், 31ம் அதற்கு மேலும் என்றால் 30.5. அன்றைய கணக்கில் சின்னம்மா 'இடைநிலை'. 2018இல் வெளியான டெய்லர்எக்ஸ் ஆய்வு, 11 முதல் 25 வரை வந்தவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தது. ஹார்மோன் மாத்திரை மட்டும் எடுத்தவர்கள், கீமோவும் சேர்த்து எடுத்தவர்களுக்குக் குறைந்துபோகவில்லை. 50 வயதுவரை உள்ளவர்களில் 16 முதல் 25 வரை வந்தவர்களுக்கு மட்டும் கீமோவால் ஓரளவு பயன். சின்னம்மாவுக்கு 61. கீமோ வேண்டாம் என்றாயிற்று. எண் அதேதான், கோடுதான் நகர்ந்தது.

எங்கள் ஊர் மஞ்சள் மண்டியில் ஒரு பிடியைப் பார்த்து மூட்டைக்கு விலை சொல்வார்கள். இங்கே மூட்டையைப் பார்த்துப் பிடிக்கு விலை. அப்படியானால், மூட்டை யாருடையது? டெய்லர்எக்ஸில் சேர்ந்த 10,273 பேரில் பெரும்பாலோர் வெள்ளையினப் பெண்கள். ஒரே அளவு எண் இருந்தும் கறுப்பினப் பெண்களுக்கு நோய் கூடுதலாகத் திரும்பியது என்று அதே ஆய்வின் தரவே காட்டியது. எண்ணுக்குள் அடங்காத ஏதோ ஒன்று, வாழ்நிலையோ உயிரியலோ, வெளியே நிற்கிறது.

சோதனைக்கு லட்ச ரூபாய்க்கு மேல். பெங்களூரில் 2011இல் தொடங்கிய ஆன்கோஸ்டெம், இந்தியப் பெண்களின் கட்டிகளைக் கொண்டு ஐந்து புரதங்களை அளக்கும் கேன்அசிஸ்ட் சோதனையை உருவாக்கியது. மரபணு அல்ல, புரதம், செலவும் குறைவு. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் எந்த எண் பிறக்கவும் மெழுகுக் கட்டி பத்திரமாக இருந்திருக்க வேண்டும். அந்தப் பெண் வருஷங்கள் கழித்து என்ன ஆனாள் என்று யாராவது விசாரித்திருக்கவும் வேண்டும். மஞ்சள் அவிக்கிற மாசியில் ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிடுகிற கூலிக்காரப் பெண்ணை ஆய்வேடுகள் 'தொடர்பு விடுபட்டவர்' என்று குறித்துக்கொள்கின்றன. டவுன் பஸ் இலவசம்தான். ஒருநாள் கூலி போகுமே என்று அவள் அவிப்படுப்பு ஓரத்தில்தான் நின்றுகொண்டிருப்பாள்.