இரண்டாவது சேர்வர்

சிறிய காரியாலயமொன்றுக்கு எதற்காக இரண்டு சேர்வர்கள் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ஒன்று விழுந்தால் மற்றது தாங்கட்டும் என்பதற்காகத்தான். ஆனால் அது நடைமுறைக்கு வந்த வரலாறு நேரானதன்று.

நொவெல் நிறுவனத்தின் நெட்வெயார் 3 காலத்தில் ஒவ்வொரு சேர்வரும் தனக்கெனப் பயனர் பட்டியலொன்றை வைத்திருந்தது. இரண்டாவதை வாங்கினால் அத்தனை பெயர்களையும் மறுபடி பதியவேண்டும். 1993 இல் வந்த நெட்வெயார் 4 தான் வலையமைப்பு முழுவதற்கும் ஒரே பட்டியலைத் தந்தது.

மைக்ரோசொப்ட்டின் வின்டோஸ் என்.டி. 4.0 வெளிவந்தது 1996 இல். அதில் ஒரு சேர்வர் முதன்மை, மற்றது துணை. பட்டியலைத் திருத்தும் உரிமை முதன்மைக்கு மட்டுமே. துணையிடம் இருந்தது வெறும் பிரதி. மாற்றங்கள் வழமையாக 5 நிமிடங்களுக்கொருமுறை அதற்குப் போய்ச் சேர்ந்தன. முதன்மை செயலிழந்தாலும் ஊழியர்கள் துணையின் வழியே உள்நுழையலாம். கடவுச்சொல்லை மாற்றவோ புதியவரைச் சேர்க்கவோ இயலாது. துணைக்குத் தானாகப் பதவியுயர்வும் கிடையாது, நிர்வாகிதான் உயர்த்தவேண்டும். பழைய முதன்மை பின்னர் உயிர்பெற்று வந்தால், பதவியிறக்கிய பின்னரே சேர்த்துக்கொள்ளலாம். (நம் நாட்டு அரசியலில் காணக்கிடைக்காத ஒழுங்கு!)

2000 பெப்ரவரியில் வந்த வின்டோஸ் 2000 இந்த ஏற்றத்தாழ்வைப் பெரும்பாலும் நீக்கியது. எந்தச் சேர்வரிலும் திருத்தலாம். முரண்பட்டால் உயர்ந்த பதிப்பெண் வெல்லும், அதுவும் சமமானால் பிந்திய நேரம். ஆனால் புதியதொரு நிபந்தனையும் சேர்ந்தது. கணினிகள் சேர்வரைத் தேடிக் கண்டடைவது டி.என்.எஸ். என்ற பெயர்ச்சேவை வழியாகவே.

நான் பணியாற்றிய காரியாலயமொன்றில் இதனை எவரும் கவனிக்கவில்லை. பெயர்ச்சேவை முதற் சேர்வரில் மட்டும் இருந்தது. பக்கங்கள் அச்சுக்குப் போகவேண்டிய மாலையொன்றில் அது நின்றது. இரண்டாவது பச்சை விளக்கோடு இயங்கிக்கொண்டிருந்தது. கணினிகளுக்கோ அது இருக்குமிடம் தெரியவில்லை. மறுநாட் பத்திரிகை தாமதமாகவே வெளிவந்தது. இரு சேர்வர்களிலும் பெயர்ச்சேவையை நிறுவி, ஒவ்வொரு கணினியிலும் இரு முகவரிகளையும் எழுதியிருந்தால் போதும். செலவில்லாத வேலை.

இன்னொன்று: இரட்டைச் சேர்வர் காப்புப்பிரதி ஆகாது. ஒன்றில் தவறுதலாக அழித்த பயனர் சற்று நேரத்தில் மற்றதிலிருந்தும் மறைந்துவிடுவார்.

என்.டி. 4.0 சேர்வருக்கான ஆதரவு 2004 டிசம்பரோடு முடிந்தது. ஆயினும் பழைய முதன்மை முற்றாக மறையவில்லை. இன்றைய வின்டோஸ் சேர்வர்களிலும் அதன் பெயரால் ஒரு பொறுப்பு, ஒரே சேர்வருக்கு மட்டும் வழங்கப்படுகிறது.