கல்லூரி வாசலில் வந்து நின்ற போர்



நம் வீட்டுப் பெரியவர்கள் "ஜப்பான்காரன் காலத்துல..." என்று பேச்சைத் தொடங்கினால், பிள்ளைகள் மெல்ல எழுந்து நழுவி விடுவார்கள். மரவள்ளிக்கிழங்கும் வாழைமரக் காசும் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன கதைகள் என்று நமக்கொரு நினைப்பு. இன்று அந்தக் கதையைத் தொடங்குவதற்கே வீட்டில் ஆள் இல்லை. 1942-இல் 18 வயது இளைஞராக இருந்தவர் இன்று இருந்தால், நூறு வயதைத் தாண்டியிருப்பார்.

அப்படியானால் அந்தத் தலைமுறை கண்டதும் கேட்டதும் அவர்களோடு போய்விட்டதா? முழுவதும் போய்விடவில்லை. ஒரு பகுதி ஒலிநாடாக்களில் இருக்கிறது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது போரைக் கண்டவர்கள், போரில் பணியாற்றிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர்கள் பலர் தங்கள் வாழ்க்கையைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த வாய்மொழி வரலாறு நமக்கு என்ன தருகிறது, எதைத் தராமல் விட்டுவிட்டது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஏட்டில் இல்லாதது நாவில் உண்டு

அரசாங்கக் கோப்புகள் உத்தரவுகளைச் சொல்லும். எத்தனை குண்டு விழுந்தது, எந்தப் பாலம் தகர்ந்தது என்று சொல்லும். குண்டு விழுந்த இரவில் விடுதி மாணவன் என்ன நினைத்தான் என்பதை அவை சொல்வதில்லை. அதை அவனிடம்தான் கேட்க வேண்டும்.

இதை முறைப்படி செய்வதே வாய்மொழி வரலாறு. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் 1948-இல் இப்பணியைத் தொடங்கியது. பிரிட்டனின் போர் அருங்காட்சியகம் 1972 முதல் போரில் பணியாற்றியவர்களின் குரல்களைச் சேகரித்து வருகிறது. சிங்கப்பூரில் 1979-இல் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு அமைக்கப்பட்டது. ஜப்பானிய ஆட்சிக் காலத்தைப் பற்றிய பேட்டிகளை அது 1981-இல் தொடங்கியது. தமிழ் உட்பட நம் வட்டாரத்தின் பல மொழிகளில் மக்களைப் பேச வைத்தார்கள்.

இது பொழுதுபோக்குப் பேட்டி அன்று. பிறந்த ஊர், பெற்றோர், பள்ளி என்று வரிசையாகக் கேட்டு, மணிக்கணக்கில் பதிவு செய்து, பிறகு அதை எழுத்தில் வடிப்பார்கள். தாம் சொன்னதை மற்றவர்கள் எப்போது கேட்கலாம் என்பதற்குப் பேசியவரே நிபந்தனை போடவும் இடமுண்டு.

1941 டிசம்பர் 8

சிங்கப்பூர் புக்கிட் தீமாவில் 1928-இல் பாடங்களைத் தொடங்கியது ராஃபிள்ஸ் கல்லூரி. மலாயாவின் நாலா பக்கங்களிலிருந்தும் கெட்டிக்கார மாணவர்கள் அங்கே வந்து படித்தார்கள். விடுதி வாழ்க்கை, புதிய மாணவர்களைச் சீண்டும் பழக்கம், உபகாரச் சம்பளத்துக்குப் போட்டி என்று நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன.

டிசம்பர் 8 அதிகாலையில் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அதே அதிகாலையில் சிங்கப்பூர் மீது குண்டுகள் விழுந்தன. வகுப்புகள் நின்றன. மாணவர்கள் பலர் மருத்துவ உதவிப் படையில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் பின்னாளில் சிங்கப்பூரின் பிரதமரான லீ குவான் இயூ.

1942 ஜனவரி 31-ஆம் நாள் ஜோகூர் பாலம் தகர்க்கப்பட்டபோது அந்த வெடிச்சத்தம் கல்லூரி வரை கேட்டது. பிரிட்டிஷ் பேரரசு இத்தோடு முடிந்தது என்று பக்கத்தில் இருந்த நண்பர் மாரிஸ் பேக்கரிடம் தாம் சொன்னதாக லீ தமது நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த நூல் வெளிவந்தது 1998-இல். இந்த 56 ஆண்டு இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு வருவோம்.

இன்னொரு நிகழ்ச்சி, நெஞ்சைப் பிசைவது. ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் மருத்துவமனைகளில் இரவு பகலாகக் காயம்பட்டவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். பிரிட்டிஷார் சரணடைவதற்கு முதல் நாள், அதாவது 1942 பிப்ரவரி 14-ஆம் நாள், டான் டோக் செங் மருத்துவமனையில் பணியிலிருந்த ஒரு மாணவர் பீரங்கிக் குண்டுக்குப் பலியானார். நண்பர்கள் அவரது உடலைக் கல்லூரி வளாகத்திற்கே கொண்டு வந்து அடக்கம் செய்ய முனைந்தார்கள். அடக்கம் நடந்துகொண்டிருந்த இடத்திலேயே மறுபடியும் குண்டுகள் விழுந்தன. புதைக்க வந்த மாணவர்களிலும் பலர் மாண்டார்கள்.

ஒரே ஒரு நாள் கழித்துச் சண்டை ஓய்ந்தது. பிப்ரவரி 14 அன்று எத்தனையோ பேர் மாண்டார்கள். அவர்களில் இவர்கள், இன்னாரின் நண்பர்கள், இன்ன காரியம் செய்துகொண்டிருந்தபோது போனார்கள் என்று நாம் தெரிந்து வைத்திருப்பது, உயிர் தப்பிய சக மாணவர்கள் வாய் திறந்து சொன்னதால்தான்.

பிரிந்த பாதைகள்

கல்லூரி மூடியது. மாணவர்கள் சிதறினார்கள். யாருக்குப் பணியாற்றுவது என்ற கேள்வி அந்தத் தலைமுறை முழுவதையும் வாட்டியது.

ராஃபிள்ஸ் கல்லூரியில் லீயோடு படித்தவர் அப்துல் ரசாக், பின்னாளில் மலேசியாவின் இரண்டாவது பிரதமர். அவர் பகாங் திரும்பி, ஜப்பானியரை எதிர்த்த வாத்தானியா இயக்கத்தில் சேர்ந்தார். லீயோ ஜப்பானியரின் செய்திப் பிரிவில், நேச நாடுகளின் தந்திச் செய்திகளைச் சீர்படுத்தும் வேலை பார்த்தார். அந்த அலுவலகம் இருந்தது கேத்தே கட்டடத்தில். அதே கேத்தே கட்டடத்தில்தான் 1943 அக்டோபர் 21-ஆம் நாள் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கத்தைப் பிரகடனம் செய்தார்.

அந்தக் குரல் கேட்டுப் புறப்பட்டவர்களில் ஜோகூரில் வளர்ந்த ஜேம்ஸ் புதுச்சேரி ஒருவர். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து பர்மா முனை வரை போனார். ஈப்போவில் பிறந்த ராசம்மா 16 வயதில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். அந்தப் படையின் தலைவி டாக்டர் லட்சுமி, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938-இல் பட்டம் பெற்றவர். எஸ்.ஆர்.நாதன் என்ற தமிழ் இளைஞர் மூவாரில் ஜப்பானிய மொழியைக் கற்றுக்கொண்டு மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தார்.

ஒருவர் எதிர்த்தார். ஒருவர் ஆயுதம் ஏந்தினார். ஒருவர் வேலை பார்த்துப் பிழைத்தார். யார் செய்தது சரி? சாய்வு நாற்காலியில் அமர்ந்துகொண்டு நாம் தீர்ப்புச் சொல்லிவிடலாம். அவர்கள் சொன்னதைக் கேட்ட பிறகு அந்தத் துணிச்சல் வருவதில்லை.

மீண்டும் வகுப்பறை

போர் முடிந்தது. இரண்டு கல்லூரிகளும் 1949 அக்டோபர் 8-ஆம் நாள் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின. இப்போது வகுப்பில் பள்ளியிலிருந்து நேரே வந்தவர்களுக்குப் பக்கத்தில், போரைப் பார்த்துவிட்டு வந்தவர்களும் உட்கார்ந்தார்கள்.

புதுச்சேரி அங்கே மாணவராகச் சேர்ந்தார். 1951-இல் அவசரகாலச் சட்டத்தின் கீழ் கைதானார். விடுதலையாகி வந்து, 1953-இல் பல்கலைக்கழக சோஷலிஸ்ட் மன்றம் உருவாவதில் முன்னின்றார். மன்றத்தின் 'பஜார்' இதழில் வந்த ஒரு தலையங்கத்துக்காக 1954-இல் 8 மாணவர்கள் மீது தேசநிந்தனை வழக்குத் தொடுக்கப்பட்டது. புதுச்சேரியும் அவர்களில் ஒருவர். இங்கிலாந்திலிருந்து வந்த வழக்கறிஞர் பிரிட்டுக்குத் துணை நின்று வாதாடியவர் யார் தெரியுமா? லீ குவான் இயூ! போர்க்காலத்தில் வெவ்வேறு பாதைகளில் போன இருவர் ஒரே நீதிமன்றத்தில் நின்றார்கள். 8 பேரும் விடுதலையானார்கள்.

நாதன் 1954-இல் சமூகவியல் பட்டயம் பெற்றபோது அவருக்கு வயது 30. 1999 முதல் 2011 வரை சிங்கப்பூரின் அதிபராக இருந்தார். ராசம்மா பூபாலன் அதே பல்கலைக்கழகத்தில் படித்து ஆசிரியை ஆனார். 1960-இல் பெண் ஆசிரியர்களுக்கென்று தொழிற்சங்கம் அமைத்துச் சம ஊதியத்துக்குப் போராடினார். ராணுவச் சீருடை அணிந்த பெண்ணுக்கு, ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம் என்பது எப்படி நியாயமாகப் படும்?

நினைவு பொய் சொல்லுமா?

இங்கே ஒரு கேள்வி எழலாம். அரை நூற்றாண்டு கழித்துச் சொல்வதையெல்லாம் வரலாறு என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஜோகூர் பாலத்துக்கு வருவோம். பாலம் எந்த நாளில் தகர்ந்தது என்பதற்கு ராணுவக் குறிப்பு உண்டு. அந்தக் கணத்தில் லீ என்ன சொன்னார் என்பதற்குச் சாட்சி மனித நினைவு மட்டுமே. பேரரசு உண்மையிலேயே முடிந்து போனதைப் பார்த்துவிட்ட பிறகு எழுதும்போது, பழைய நினைவுக்குக் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம், ஏறாமலும் இருக்கலாம். ஆகவே நாளையும் எண்ணிக்கையையும் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அச்சத்தையும் பசியையும் நம்பிக்கையையும் பேசியவரிடமிருந்துதான் பெற வேண்டும்.

ஆவணம் மறைப்பதை நினைவு வெளியே கொண்டு வருவதும் உண்டு. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தோட்டத் தொழிலாளர்களை நாட்டுப்பற்று இழுத்தது உண்மை. சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களே என்ற பயமும் சிலரைத் தள்ளியது. மேடைப் பேச்சில் இந்த இரண்டாவது காரணம் வராது. நிதானமாகக் கேட்டால்தான் வரும்.

கேட்கப்படாதவர்கள்

நேயர்களே, இதுவரை நான் சொன்ன பெயர்களைக் கவனித்தீர்களா? லீ, ரசாக், புதுச்சேரி, நாதன், ராசம்மா, லட்சுமி. எல்லாரும் ஆங்கிலம் படித்தவர்கள். உயர்கல்வி கற்றவர்கள். இவர்களைத் தேடி ஒலிப்பதிவுக் கருவி வந்தது, புத்தகம் வந்தது. ராசம்மாவின் வாழ்க்கை வரலாற்றை அருணா கோபிநாத் எழுதி 2007-இல் வெளியிட்டார்.

ஜான்சி ராணிப் படையில் பால்மரம் சீவிய பெண்களும் ஏராளமாக இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

சயாம் மரண ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 415 கிலோமீட்டர் நீளப் பாதை, 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. அங்கே வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் நாட்குறிப்பு எழுதினார்கள், படம் வரைந்தார்கள், ஊர் திரும்பிப் பேட்டி கொடுத்தார்கள். அவர்களைவிட அதிக எண்ணிக்கையில் கொண்டு போகப்பட்டவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். அவர்களில் நம் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம் பேர். திரும்பி வந்தவர்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளிடம் சொன்னதோடு சரி. ஆர்.சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ.ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' போன்ற நாவல்கள் அந்தத் துயரத்தைத் தாங்கி நிற்கின்றன. ஆனால் நாவல் எழுத்தாளரின் குரல். அந்தத் தொழிலாளியின் சொந்தக் குரல் எங்கே? நாம் எழுந்து போகாமல் இருந்திருந்தால் அது கிடைத்திருக்கும்.

இனி என்ன செய்யலாம்?

போனது போகட்டும். 1942-இல் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பார்கள். அவர்களில் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். சயாமுக்குப் போன அப்பா எந்தச் சட்டையில் போனார் என்று அவர்களுக்கு நினைவிருக்கலாம். அவசரகாலத்தைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்திலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயணத்துக்கு வீட்டில் எந்த நகை அடகுக்குப் போனது என்பது எந்தக் கோப்பிலும் இராது.

பெரிய கருவி எதுவும் வேண்டாம்; கைத்தொலைபேசி போதும். "கஷ்டமா இருந்துச்சா தாத்தா?" என்று கேட்காதீர்கள். "ஆமாம்ப்பா" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். "அன்னிக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க? யார் கூட இருந்தாங்க?" என்று கேளுங்கள். இடையில் மறித்துத் திருத்தாதீர்கள். அவர் மௌனமானால் நீங்களும் கொஞ்சம் மௌனமாக இருங்கள். பேசி முடித்ததும் அவர் பெயர், பிறந்த ஆண்டு, ஊர், பதிவு செய்த தேதி ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். அவர் சம்மதித்தால் ஒரு பிரதியைக் குடும்பத்துக்கு வெளியே, நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ சேர்த்து வையுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் பெரியவர் ஒருவர் "அந்தக் காலத்துல..." என்று தொடங்கினால், தயவுசெய்து எழுந்து போகாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள்.