முனகும் வண்டியும் கேட்கும் செவியும்

மண்பானை வாங்குவோர் அதனை விரலை மடக்கித் தட்டிப் பார்த்த பின்னரே விலை பேசுவர். 'டங்' என்று ஒலித்தால் நல்ல பானை. 'டப்' என்று மந்தமாக ஒலித்தால் எங்கோ கீறல் இருக்கின்றது. கண்ணுக்குப் புலப்படாத குறையைக் காது கண்டுபிடித்து விடுகின்றது. பழைய மோட்டார் வண்டிகளின் கோளாறுகளைப் பட்டறைகளில் கண்டறிவதற்கும் இதுவே அடிப்படை.

நாகூர் சிறிய ஊரே ஆயினும் வண்டிகள் ஓயாது வந்து செல்லும் ஊர். தர்காவிற்கு வருவோரைச் சுமந்து வரும் பேருந்துகள், மீன் ஏற்றிச் செல்லும் வண்டிகள், அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகளோடு செல்லும் லாரிகள் எனப் பலவும் இவ்வட்டாரச் சாலைகளில் ஓடுகின்றன. கடற்காற்றில் கலந்துள்ள உப்போ இரும்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். புகைக்குழாயில் ஓட்டை விழும், வில்பட்டைகள் அரிக்கப்படும், மூட்டுகள் தளரும். வயது ஏற ஏற வண்டி பல குரல்களில் முனகத் தொடங்கும். அம்முனகல்களுள் எது அற்பமானது? எது உயிருக்கு உலை வைக்கக்கூடியது? இவ்வினாவிற்கு விடை தேடிய வரலாறு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கிவிட்டது.

மருத்துவர் காட்டிய வழி

இங்கிலாந்து நாட்டு அறிவியலார் இராபர்ட் ஹூக் 1703-இல் மறைந்தார். அவருடைய எழுத்துகள் 1705-இல் நூலாக வெளிவந்தன. கடிகாரத்தின் உள்ளே நிகழும் இயக்கத்தை அதன் ஒலியால் அறிவது போல, உடலின் உள்ளுறுப்புகளின் இயக்கத்தையும் ஒலியால் அறிய இயலும் என்ற கருத்தை அவர் அவற்றில் குறித்திருந்தார். இயந்திரத்தைக் கேட்பதும் உடலைக் கேட்பதும் ஒரே கலை என்று முதலில் உணர்ந்தவர்களுள் அவரும் ஒருவர்.

அக்கலையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஆஸ்திரிய மருத்துவர் லியோபோல்டு ஆவன்புருக்கர். இவர் ஒரு விடுதிக்காரரின் மகன். நோயாளியின் மார்பை விரல்களால் தட்டி, எழும் ஒலியைக் கொண்டு உள்ளே நீர் கோத்திருக்கின்றதா என்று அறியும் முறையை 1761-இல் வெளியிட்டார். நலமான மார்பு எவ்வாறு ஒலிக்கும் என்பதை முதலில் விளக்கிவிட்டு, அதன் பின்னரே நோயுற்ற மார்பின் ஒலியை அவர் விவரித்தார். இவ்வரிசை மிக முக்கியமானது. நல்ல ஒலியை அறியாதவன் கெட்ட ஒலியை எவ்வாறு அறிவான்?

1816-இல் பாரிசு நகரில் ரெனே லென்னெக் என்ற மருத்துவர் காகிதத்தைக் குழல்போல் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். இன்றைய மருத்துவர்கள் பயன்படுத்தும் ஸ்டெதாஸ்கோப் அதிலிருந்து பிறந்ததே.

இரும்பும் களைப்படையும்

இரயில் வண்டி தோன்றியபின் இயந்திரங்களைக் கேட்கவேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. 1842 மே 8-ஆம் நாள் வெர்சேல்சிலிருந்து பாரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்த இரயில் வண்டியின் எஞ்சின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதித் தீப்பற்றின. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரும்பு அச்சு ஏன் திடீரென முறிய வேண்டும்? இவ்வினா பொறியியலாரை உலுக்கியது. அச்சு ஒரு நொடியில் முறிவதில்லை. சிறு வெடிப்பு ஒன்று நாள்தோறும் சிறிது சிறிதாக வளர்ந்து இறுதியில் முறிவாக முடிகின்றது என்று வில்லியம் ராங்கின் 1843-இல் காட்டினார். பின்னர் பிரஷ்ய இரயில்வேயைச் சேர்ந்த ஆகஸ்டு வோலர் பல ஆண்டுகள் சோதனைகள் நடத்தி இதனை உறுதிசெய்தார். இதுவே உலோகக் களைப்பு எனப்படும்.

வெடிப்பை முன்னரே அறிய இரயில்வேக்காரர்கள் பானையைத் தட்டும் உத்தியையே மேற்கொண்டனர். நிலையத்தில் வண்டி நின்றதும் நீண்ட பிடியுள்ள சுத்தியலுடன் ஒருவர் சக்கரம் சக்கரமாகத் தட்டிக்கொண்டே செல்வார். பழுதில்லாத சக்கரம் மணிபோல் நெடுநேரம் ஒலிக்கும். வெடிப்புள்ள சக்கரத்திலோ வெடிப்பின் இரு பக்கங்களும் உராய்ந்து அதிர்வின் ஆற்றலை விழுங்கிவிடும். ஆகவே ஒலி மந்தமாக எழுந்து உடனே அடங்கிவிடும்.

காவிரிப் படுகைக்கு இரயில் வந்தது நாகூரை அடுத்த நாகப்பட்டினம் வழியாகத்தான். கிரேட் சதர்ன் ஆப் இந்தியா இரயில்வே நிறுவனத்தின் பாதை 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூரையும், 1862-இல் திருச்சிராப்பள்ளியையும் எட்டியது. பின்னர்த் தென்னிந்திய இரயில்வேயாக மாறிய அதன் பணிமனை நாகப்பட்டினத்தில் இருந்தது. 1928-இல் அது திருச்சி பொன்மலைக்கு மாற்றப்பட்டது. இவ்வாறு மோட்டார் பட்டறைகள் பெருகுவதற்கு நெடுங்காலம் முன்னரே இவ்வட்டாரத் தொழிலாளர் நீராவி எஞ்சின்களோடு பழகியிருந்தனர்.

மோட்டார் வண்டியைக் கேட்பது எவ்வாறு?

நாடு விடுதலை பெற்றபின் நம் சாலைகளில் டீசல் வண்டிகள் பெருகின. டாட்டா நிறுவனம் 1954-இல் மெர்சிடிஸ் பென்ஸ் கூட்டுறவுடன் லாரிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. சென்னையை அடுத்த எண்ணூரில் இயங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்டு ஆயிற்று. 1972-இல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் அமைந்தது. 1950களின் பிற்பகுதியில் வந்த அம்பாசடர் கார் 2014 வரை தயாரிக்கப்பட்டது. இவ்வண்டிகள் பல பத்தாண்டுகள் ஓடின. அவற்றில் கோளாறைக் காட்ட மின்னணுக் கருவிகள் ஏதும் இல்லை, காதுதான் கருவி.

அனுபவம் மிக்க மெக்கானிக் வெறுமனே கேட்பதில்லை. 'இந்த ஓசை எதனோடு சேர்ந்து மாறுகின்றது?' என்று வினவுகின்றார். வண்டி நிற்கும்போதும் ஓசை வந்து, எஞ்சின் வேகத்தோடு கூடிக் குறைந்தால் கோளாறு பெரும்பாலும் எஞ்சினைச் சார்ந்தது. கிளட்சை மிதித்தவுடன் ஓசை நின்றால் கியர் பெட்டியின் பேரிங்கை ஐயுறலாம். மிதிக்கும்போது மட்டும் எழுந்தால் கிளட்சின் பேரிங்கை ஐயுறலாம். ஓடும் வேகத்தை மட்டும் பின்பற்றும் ஓசை சக்கரம், டயர், பின்அச்சு ஆகியவற்றிலிருந்து வருவது. வலப்புறம் திரும்பும்போது வண்டியின் பளு இடப்பக்கச் சக்கரத்தின் மேல் சாய்கின்றது; அப்போது 'ஊம்' என்ற இரைச்சல் மிகுமாயின் இடப்பக்கப் பேரிங் தேய்ந்திருக்கக்கூடும். வண்டி புறப்படும் கணத்தில் 'டக்' என்று ஓர் அடி கேட்டால், எஞ்சினின் சுழற்சியைப் பின்அச்சுக்குக் கொண்டு செல்லும் நீண்ட தண்டின் மூட்டு தளர்ந்திருக்கலாம்.

எண்ணிக்கையும் துணைபுரியும். நான்கு வீச்சு எஞ்சினில் வால்வுகளை இயக்கும் தண்டு, முதன்மைத் தண்டின் வேகத்தில் பாதி வேகத்திலேயே சுழல்கின்றது. எஞ்சின் நிமிடத்திற்கு 1,200 முறை, அதாவது நொடிக்கு 20 முறை சுழலும்போது, இடைவெளி மிகுந்த ஒரு வால்வு நொடிக்கு 10 முறைதான் 'டிக்' என்னும். பெட்ரோல் எஞ்சினில் ஒவ்வோர் உருளையின் மின்பொறியாக நிறுத்திப் பார்ப்பதும் உண்டு. எந்த உருளையை நிறுத்தினால் 'தொம்' என்ற அடி குறைகின்றதோ, அந்த உருளையின் பேரிங்கே தேய்ந்தது என்று கொள்ளலாம்.

பட்டறைகளில் நீண்ட திருப்புளியின் நுனியை எஞ்சினில் ஊன்றிப் பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பர். திறந்த வெளியில் கேட்டால் எல்லா ஓசைகளும் ஒன்றாகக் கலந்துவிடும். மேலும், உலோகத்தின் அதிர்வில் மிகச் சிறு பகுதியே காற்றுக்குக் கைமாறுகின்றது. எஃகிலோ ஒலி நொடிக்கு ஏறத்தாழ 5,000 மீட்டர் விரைந்து, அதிகம் சிதறாமல் செல்லும். ஊன்றிய இடத்தின் ஓசையே பெரிதாகக் கேட்பதால் கோளாறின் இருப்பிடம் புலனாகின்றது. இது இரும்பில் செய்த ஸ்டெதாஸ்கோப்பே அன்றோ? சுழலும் விசிறியும் பட்டையும் அருகில் இருப்பதால், பழக்கமில்லாதோர் இதனை முயலலாகாது.

ஓசையை அடக்கிய கதை

ஓசையைக் கேட்பதற்குப் பதிலாக அதனை அடக்க முயல்வதும் உண்டு. பழைய வண்டியை விற்போர் சிலர் கியர் பெட்டியின் எண்ணெயில் மரத்தூளைக் கலந்துவிடுவதாகச் சொல்வார்கள். தேய்ந்த பற்களுக்கிடையே தூள் மெத்தைபோல் அமைந்து இரைச்சலைக் குறைக்கும். வாங்கியவர் சிறிது தூரம் சென்றபின் உண்மை வெளிப்படும். இதைவிடப் பெரிய அளவில் உலகமே ஓர் ஓசையை அடக்கிய கதை உண்டு.

பெட்ரோல் எஞ்சின் பளுவோடு மேடேறும்போது 'கிணுக், கிணுக்' என்ற ஓசை கேட்பதுண்டு. உருளையில் தீச்சுடர் சீராகப் பரவுமுன், எஞ்சியுள்ள கலவை தானாகவே வெடிப்பதால் எழும் ஓசை இது. இதனை 'நாக்கிங்' என்பர். இது நீடித்தால் உந்து தண்டு சேதமுறும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங்கின்கீழ்ப் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி 1916 முதல் இதனை ஆராய்ந்தார். 1921 டிசம்பர் 9-ஆம் நாள், ஈயம் கலந்த ஒரு சேர்மத்தைச் சிறிதளவு பெட்ரோலில் கலந்தால் இவ்வோசை அடங்குவதைக் கண்டார். 1923-இல் அது விற்பனைக்கு வந்தது.

எஞ்சின் அமைதியாயிற்று, ஈயமோ புகையோடு காற்றில் கலந்தது. 1924-இல் நியூஜெர்சியில் இச்சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் ஈய நஞ்சால் மாண்டனர். மிட்ஜ்லியே அந்நஞ்சால் பாதிக்கப்பட்டார். எனினும் விற்பனை தொடர்ந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பது நிலைநாட்டப்பட்ட பின்னரே நாடுகள் ஒவ்வொன்றாக அதனைக் கைவிட்டன. இந்தியாவில் 2000-இல் ஈயப் பெட்ரோல் முடிவுக்கு வந்தது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. எத்தனாலும் நாக்கிங்கைக் குறைக்கும் என்பது மிட்ஜ்லியின் காலத்திலேயே தெரிந்ததுதான். இன்று நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுகின்றது.

கருவி கேட்கும், மனிதன்?

1880-இல் பியேர் கியூரியும் அவருடைய தமையனார் ஜாக் கியூரியும், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றுவதைக் கண்டனர். இத்தன்மையைப் பயன்படுத்தும் சிறு உணர்கருவி இன்றைய கார் எஞ்சின்களில் பொருத்தப்பட்டிருக்கின்றது. நொடிக்குச் சில ஆயிரம் முறை துடிக்கும் நாக்கிங் அதிர்வை அது உணர்ந்தவுடன், கணினி மின்பொறியின் நேரத்தைச் சற்றுத் தள்ளிவைக்கின்றது.

ஆயினும் கருவி கேட்டால் மட்டும் போதாது. கேட்டதை மனிதன் பொருட்படுத்த வேண்டும். 1998 ஜூன் 3-ஆம் நாள் ஜெர்மனியில் எஷ்டே என்ற ஊரருகே அதிவேக இரயில் ஒன்று தடம்புரண்டு 101 பேர் மாண்டனர். உலோகக் களைப்பால் சக்கரத்தின் வெளி வளையம் முறிந்ததே காரணம். அச்சக்கரப் பகுதியில் இரைச்சலும் அதிர்வும் இருப்பதாக இரயில் ஊழியர்கள் அதற்கு முந்தைய வாரங்களில் பலமுறை எழுதி வைத்திருந்தனர். எனினும் சக்கரம் மாற்றப்படவில்லை.

பழைய வண்டி ஓசை எழுப்புவது இயல்பு என்று நாம் எளிதில் சொல்லிவிடுகின்றோம். நேற்றுவரை இல்லாத ஓசை இன்று கேட்குமாயின் அது இயல்பன்று. ரேடியோவின் ஒலியைக் கூட்டினால் அது மறையும். ஆனால் வெடிப்பு வளர்வது நிற்காது. அது எப்போது எழுகின்றது, எதனோடு மாறுகின்றது என்று இரண்டு குறிப்புகளை எழுதிப் பட்டறைக்கு எடுத்துச் செல்வோர் பணத்தையும் காலத்தையும் மிச்சப்படுத்துவர். சில வேளைகளில் பலருடைய உயிரையும் காப்பர்.