டெங்குக் காய்ச்சல்

டெங்குக் காய்ச்சல் என்பது, ஈடிஸ் இனப் பெண் நுளம்புகள் பெரும்பாலும் பகலில் கடிப்பதால் பரவுவதும், நான்கு வகை வைரசுகளால் உண்டாவதுமான நோயாகும். ஒரு வகையால் பீடிக்கப்பட்டவருக்கு அவ்வகைக்கு எதிராக மட்டுமே நீடித்த எதிர்ப்பாற்றல் கிட்டுவதால், பின்னர் வேறொரு வகை தொற்றும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது.

இலங்கையில் 1962இல் ஆய்வுகூடச் சோதனையால் உறுதிசெய்யப்பட்ட இந்நோயின் மிகப் பெரிய பரவல் 2017இல் ஏற்பட்டது. அவ்வாண்டில் நோய் ஐயத்துக்குரியோராக 186,101 பேர் பதிவாயினர். முல்லைத்தீவு மாவட்டத்து விசுவமடு உள்ளிட்ட வன்னி ஊர்களில், ஐப்பசி தொடங்கிப் பெய்யும் வடகீழ்ப் பருவமழையின்போது சிரட்டை, பழைய டயர், வெற்று யோகட் கோப்பை, கிணற்றடித் தொட்டி ஆகியவற்றில் தேங்கும் நீரே இந்நுளம்பு பெருகும் இடமாகும். நீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டப்படும் முட்டைகள் வரட்சியைப் பல மாதங்கள் தாங்கி, மீண்டும் நீர் பட்டதும் குடம்பிகளாகப் பொரிக்க வல்லவை. எனவே தொட்டி நீரை வெளியேற்றுவதுடன் உட்சுவரையும் வாரந்தோறும் தேய்த்துக் கழுவுதல் வேண்டும்.

காய்ச்சல் தணியும் வேளையிலேயே குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசிந்து அதிர்ச்சிநிலை ஏற்படக்கூடும். கடும் வயிற்றுவலி, தொடர்வாந்தி, குருதிக்கசிவு ஆகியன அபாய அறிகுறிகளாகும். குருதிக்கசிவைக் கூட்டும் அஸ்பிரின், இபுபுரோபன் ஆகியவற்றைத் தவிர்த்து, பரசிற்றமோலை மட்டும் உரிய அளவில் உட்கொண்டு, தாமதமின்றி வைத்தியசாலையை நாட வேண்டும்.