காட்டுநாய் வடசேரிக்கு வந்த வழி

போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டாவில் காட்டுநாய்க் கூட்டம் ஒன்று இம்பாலா மானை விரட்டுகிறது. மேலே ஹெலிகாப்டர். அதன் அடியில், எவ்வளவு குலுங்கினாலும் படம் ஆடாதபடி பிடித்துக்கொள்ளும் கருவிக்குள் கேமரா. நாய்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காத உயரம். 2006 மார்ச்சில் பிபிசி ஒளிபரப்பிய ‘பிளானட் எர்த்’ தொடரின் முதல் பகுதியில் இந்தக் காட்சி வருகிறது. ஐந்து ஆண்டு உழைப்பு, 11 பகுதிகள். பிபிசி எச்டியில் எடுத்த முதல் இயற்கைத் தொடர்.

ஹெலிகாப்டர் இரைச்சலில் நாயின் மூச்சை யார் பதிவு செய்ய முடியும்? தண்ணீரில் பாயும் கால்களின் சளப்பு, புல்லின் சரசரப்பு எல்லாம் பின்னால் ஒலிக்கூடத்தில் சேர்த்தவை. பனியில் கரடி நடக்கும் சத்தத்துக்குச் சோளமாவைப் பிசைவது அந்தத் தொழிலில் பழைய வழக்கம். ஆக, படமும் சத்தமும் புறப்பட்ட இடமே வேறு வேறு.

இத்தகைய இயற்கைப் படங்களைக் காட்டும் டிஸ்கவரி சேனல் இங்கே 1995இலேயே கேபிளில் வந்துவிட்டது. ஆனால் விரும்பியபோது போட்டுப் பார்க்க டெக்கும் கேசட்டும், பிறகு சிடியும்தான். நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நடைபாதையில் சிடிகளை விரித்து வைத்திருப்பார்கள். “ஒரிஜினல் பிரிண்டு அண்ணாச்சி, தைரியமா கொண்டுபோங்க” என்பார் கடைக்காரர். 2007இல் மோசர் பேயர் நிறுவனம் 28 ரூபாய்க்கே விசிடி விற்கத் தொடங்கியதும் ஒரிஜினலும் திருட்டும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வந்தன.

விசிடியின் படத்தில் 352க்கு 288, அதாவது சுமார் ஒரு லட்சம் புள்ளிகள். முழு எச்டியில் இருபது லட்சத்துக்கும் மேல். இதைவிடப் பெரிய இடி தரவின் அளவில் விழுந்தது. படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒரு பிரேமிலிருந்து அடுத்ததற்கு எது மாறியதோ அதை மட்டும் எழுதி வைப்பதுதான் எம்பெக் முறை. செய்தி வாசிப்பவருக்கு உதடு மட்டும் அசையும். சீரியலில் மாமியார் அசையாமல் நின்று முறைப்பார். அங்கெல்லாம் பிரச்சினை இல்லை. காட்டில் அசையாதது எது? இலை, புல், மழை, தண்ணீர், பறவைக் கூட்டம். ஹெலிகாப்டர் காட்சியிலோ தரை முழுவதுமே நகர்கிறது. விசிடி படத்துக்கு ஒதுக்குவது வினாடிக்கு 1.15 மெகாபிட், அதுவும் மாறாத அளவு. சதுப்பு நிலம் கட்டங்கட்டமாக உடைந்து, நாய்கள் பழுப்புத் தீற்றல்களாகத்தான் ஓடும்.

சிங்கத்தின் முகத்தை நெருங்கிக் காட்டினால் மட்டும் படம் கொஞ்சம் தேறும். நடைபாதை சிடிகளின் அட்டைகளில் புலியும் முதலையும் பாய்ந்துகொண்டே இருந்ததற்கு ரசனை மட்டுமே காரணமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அந்தத் தட்டால் மிருகத்தைச் சுமக்க முடிந்தது, காட்டைச் சுமக்க முடியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே தட்டில் ஒலி ஓரளவு நன்றாகவே இருந்தது: 224 கிலோபிட் ஸ்டீரியோ. வீட்டு டிவியில் இருந்த ஒற்றை ஸ்பீக்கர்தான் அதை விழுங்கியது.

டிவிடி வந்ததும் புல் தெரிந்தது. 2007இல் ‘பிளானட் எர்த்’ ப்ளூ-ரேயில் வெளியானபோது புல்லின் நுனியும் தெரிந்தது. 2017இல் இரண்டாம் தொடர் 4கே தட்டில் வந்தது. 83 லட்சம் புள்ளிகள், நிழலுக்குள்ளும் நிறம். அதற்குள் நம் பக்கம் சிடி கடைகள் செல்போன் கவர் விற்கத் தொடங்கியிருந்தன. இப்போது எல்லாம் இணைய வழி. திரை 4கே என்று சொன்னாலும் இணையத்தில் வரும் தரவு தட்டில் உள்ளதைவிட மிகக் குறைவு. மங்கலான காட்டிலும் மூடுபனியிலும் பழைய கட்டங்கள் எட்டிப் பார்க்கும்.

டிவி கடையில் ‘விவிட்’ முறையில் பளபளக்க ஓடவிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அதில் எல்லா இலையும் கிளிப்பச்சை. அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் வீட்டுக்கு வந்ததும் அணைத்துவிடுங்கள். பறவைக் கூட்டம் பறக்கும்போது இல்லாத இறகுகளை அது இட்டுக்கட்டும். நம் பக்கத்துத் தேரூர் குளத்தில் பறவைகள் அடையும் நேரத்துச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு மெல்லிய டிவியின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்பீக்கர் போதாது. 65 அங்குலத்துக்கு வைத்திருக்கும் காசில் 55 வாங்கி, மிச்சத்தை ஒலிக்குச் செலவழிக்கலாம்.