இருளை அறியும் விளக்கு: மலையக ஒளி வரலாறு பற்றிய ஒரு நோக்கு

இலங்கையின் மத்திய மலைநாட்டில் ஒளியின் வரலாற்றை ஆராயப் புகுவோர் தொடக்கத்திலேயே ஒரு முரணை எதிர்கொள்ள நேர்கின்றது. நாட்டின் முதற்பெரும் நீர்மின் நிலையங்கள் எழுந்தது இம்மலைகளிலேயே. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் அணைகளால் மறிக்கப்பட்டு, அவற்றின் வீழ்ச்சி மின்னாக மாற்றப்பட்டது. ஆயினும் அவ்வணைகளைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்தோருட் பெரும்பாலோர், மின்கம்பிகள் தம் தலைக்கு மேலாகக் கொழும்பு நோக்கிச் சென்ற பின்னரும், பல்லாண்டு காலம் மண்ணெண்ணெய் விளக்கொளியிலேயே இரவைக் கழித்தனர்.

இம்முரணைத் தெளிவாகக் காண்பதற்கு, இன்று பாடசாலை மாணவரும் பல்கலைக்கழக மாணவரும் செயற்றிட்டமாக ஆக்கும் ஒரு சிறு கருவி துணைபுரிகின்றது. பொழுது சாய்ந்ததும் தானே எரிந்து, விடிந்ததும் தானே அணையும் விளக்கே அது. அதன் அமைப்பு எளியது, விலையும் குறைந்தது. எனினும் அவ்விளக்கின் பின்னே ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கால அறிவியல் வரலாறு உண்டு. அவ்வரலாறும் தோட்டத்தின் வரலாறும் ஒரே காலத்தில் நிகழ்ந்தவை என்பது பலராலும் கருதப்படாத ஒன்று.

லயத்தின் விளக்கு

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் கோப்பிச் செடியைத் தாக்கிய இலைநோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிப் பொருளாதாரத்தைக் குலைத்துவிட, தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. கோப்பிக்குப் பருவகாலத் தொழிலாளர் போதுமானவராயிருந்தனர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கப்பட வேண்டிய பயிர். எனவே தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பத்தோடு நிலையாகத் தங்க வேண்டியவராயினர். அவர்களுக்கென அமைந்தனவே லயங்கள். ஒரு காம்பரா பொதுவாகப் பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள்ளேயே சமையல், உறக்கம், பிள்ளைப்பேறு, பிள்ளைகளின் படிப்பு யாவும். சாளரம் சிறிதாகவோ இல்லாமலோ இருந்தமையால் பகலிலும் உள்ளே இருள் கவிந்திருக்கும்.

அவ்விருளை நீக்கியது குப்பி விளக்கு. கழித்துவிட்ட போத்தலொன்று, அதன் மூடியில் ஒரு துளை, துளையில் ஒரு தகரக்குழாய், அதனூடே பஞ்சுத்திரி என்ற இவ்வளவே அதன் அமைப்பு. விடியுமுன் தப்பொலி கேட்டு எழுந்து பிரட்டுக்களத்துக்குச் செல்லும் தாய்க்கும், இரவில் பாடம் படிக்கும் பிள்ளைக்கும் அதுவே ஒளி. ஆனால் உயர்ந்து ஒடுங்கிய போத்தல் எளிதிற் சரியும்; சரிந்தால் மூடி கழன்று மண்ணெண்ணெய் சிந்தித் தீப்பற்றும். இலங்கையில் இவ்விளக்கால் எரிகாயமுற்றோர் பலர். அவர்களுக்குச் சிகிச்சையளித்த சத்திரசிகிச்சை நிபுணரான விஜய கொடகும்புர, 1990களில் இதற்கொரு மாற்று கண்டார். குட்டையும் கனமும் உடைய கண்ணாடிக் குப்பி, உருளாதிருக்க இரு தட்டையான பக்கங்கள், திருகி மூடும் உலோக மூடி என்பன அவ்விளக்கின் இயல்புகள். இதற்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. விளக்கொன்றை வடிவமைப்பவர் அதனைப் பயன்படுத்துவோரின் வீட்டை முதலில் அறிதல் வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

மலையிற் பிறந்த மின்சாரம்

இம்மலைகளின் நீர்வலுவை மின்னாக்கலாம் என்ற எண்ணத்தை நாட்டின் முன் வைத்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. 1874இல் காலியிற் பிறந்த அவர், நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளக்பூல் என்னுமிடத்தில் ஒரு சிறு நீர்மின் நிலையத்தை அமைத்து நுவரெலியா நகருக்கு ஒளி வழங்கினார். 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் அவர் படித்த கட்டுரை, மலைநாட்டு நீர்வலுவைக் கொண்டு நாட்டின் தொழில்களை இயக்கலாம் எனக் கணக்கிட்டுக் காட்டியது. ஆயினும் 1920களிற் தொடங்கிய லக்சபான வேலைகள் இடையே நின்றுபோயின. 1950இலேயே 25 மெகாவாற்று வலுவுடன் லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது. தமது கனவு நனவாகியதைக் கண்ட விமலசுரேந்திர 1953இல் மறைந்தார்.

அதன்பின் வளர்ச்சி விரைவாயிற்று. காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீரால் இயங்கும் 50 மெகாவாற்று நிலையம் 1965இல் நோட்டன் பிரிட்ஜில் எழுந்து, விமலசுரேந்திரவின் பெயரைத் தாங்கியது. 1969இல் பொல்பிட்டிய நிலையமும் 1974இல் புதிய லக்சபான நிலையமும் அதனைத் தொடர்ந்தன. மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரே நீருள் மூழ்கியது. கடும் வரட்சிக் காலங்களில் நீர்மட்டம் தாழும்போது அப்பழைய நகரின் வழிபாட்டிடங்களின் எச்சங்கள் இன்றும் வெளித்தெரிகின்றன. நாட்டின் ஒளிக்காக மலையகம் கொடுத்த விலையை அவை நினைவூட்டுவன.

தோட்டங்களுக்கு மின்சாரம் முற்றாக அந்நியமானதன்று. தேசிய மின்வலையமைப்பு வருமுன்னரே பல தோட்டங்களின் தொழிற்சாலைகள் ஓடைநீரைக் கொண்டு நீர்ச்சில்லையும், பின்னர்ச் சுழலியையும் இயக்கின. கொழுந்தை வாட்டலும் உருட்டலும் இரவிலும் நிகழ்வன. ஆதலின் தொழிற்சாலைக்கு ஒளி தேவைப்பட்டது. துரையின் பங்களாவுக்கும் அது எட்டியது. ஆனால் தொழிற்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த லயத்துக்கு அது பொதுவாகச் செல்லவில்லை. உற்பத்திக்கு வேண்டிய இடத்தில் ஒளி இருந்தது. உற்பத்தி செய்வோர் வாழ்ந்த இடத்தில் இல்லை.

இதற்குத் தொழினுட்பக் குறைபாடு காரணமன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அதனையடுத்து வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை வாக்கற்றவராக்கின. லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியபோது, அதன் அயலில் வாழ்ந்தோருக்குத் தமக்காகப் பேசும் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெரும்பாலும் இல்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. நாளை எங்கு வாழ்வது என்பதே உறுதியற்ற குடும்பத்தின் காம்பராவுக்கு மின்னிணைப்பு வழங்க எவரும் விரையவில்லை. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாகியபோதும், 1992இல் அவற்றின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளுக்குக் கையளிக்கப்பட்டபோதும் லயம் தோட்டத்தின் உடைமையாகவே இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் சேவை வழங்குவதற்குத் தடையாக விளங்கியது. அது 2018இலேயே திருத்தப்பட்டது. வீதிவிளக்கு என்பது உள்ளூராட்சியின் பணி. அவ்வுள்ளூராட்சியின் எல்லைக்குள் இருந்தும் அதன் பணிக்குப் புறம்பாயிருந்தது தோட்டம்.

ஒளியை உணர்ந்த பொருள்

இனி, அச்சிறு விளக்கின் பிறப்பை நோக்கலாம். செலனியம் என்ற மூலகத்தைச் சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சீலியஸ் 1817இற் கண்டறிந்தார். அதற்கு ஒளியுணர்வு உண்டென்பது 1873இல் வெளிப்பட்டது. கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிப்பதற்கு உயர்ந்த தடை வேண்டியிருந்தமையால், வில்லோபி சிமித் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் செலனியக் கோல்களைப் பயன்படுத்தினார். அவற்றின் தடை நிலையாக இருக்கவில்லை. ஒளி பட்டபோது குறைந்தது, மூடியபோது கூடியது. ஒரு வேலைக்குப் பெருங்குறையாகத் தோன்றியதே பிறிதொரு வேலைக்கு அடிப்படையாயிற்று. லூல்கந்துரத்தில் டெயிலர் தேயிலைத் தொழிற்சாலை அமைத்ததும் இதே காலத்திலேயே என்பது ஈண்டுக் கருதற்பாலது.

தானே எரிந்து அணையும் விளக்கை மின்சாரமின்றியே ஆக்கிய பெருமை குஸ்தாவ் தாலேன் என்பாருக்கு உரியது. சுவீடனின் கடலோரக் கலங்கரை விளக்கங்களுக்காக அவர் 1907இற் 'சூரியக் கதவம்' ஒன்றை அமைத்தார். கரிய கோலொன்று பகலொளியை உறிஞ்சிச் சற்றே விரியும்; அதனைச் சூழ்ந்த பளபளப்பான கோல்கள் ஒளியைத் தெறிக்கச் செய்வதால் அவ்வளவு விரியமாட்டா. இவ்விரிவின் வேறுபாடே எரிவாயுவின் வழியை அடைத்தது. இருண்டதும் கோல் சுருங்க வழி திறந்தது. ஆளில்லாப் பாறையிலும் விளக்கு இரவில் மட்டும் எரிந்தது. 1912இல் அவருக்குப் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிட்டியது. அவ்வாண்டே வெடிவிபத்தொன்றில் அவர் கண்பார்வையை இழந்தார்.

மாணவரின் செயற்றிட்டம்

1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிற்றர் பிறந்ததும், பின்னர் கட்மியம் சல்பைட்டால் ஆன ஒளியுணர் தடையிகள் மலிந்ததும் இவ்விளக்கை மாணவர் மேசைக்குக் கொண்டுவந்தன. இலங்கையின் க.பொ.த. உயர்தரப் பௌதிகவியற் பாடத்திட்டத்தில் திரான்சிற்றரும் இடம்பெறுவதால், இச்செயற்றிட்டம் பாட அறிவைக் கைத்தொழிலாக்கும் வாய்ப்பாகவும் அமைகின்றது.

6 உவோற்று மின்கலவடுக்கோடு 47 கிலோ ஓம் தடையொன்றும் ஒளியுணர் தடையியும் தொடராக இணைக்கப்படுகின்றன. இரண்டும் சேருமிடம் திரான்சிற்றரின் அடியோடு தொடுக்கப்படும். பகலில் ஒளியுணர் தடையியின் தடை 1 கிலோ ஓம் அளவிற்கு இறங்குமாயின், அடிக்குக் கிடைப்பது 0.13 உவோற்றுக்கும் குறைவே. திரான்சிற்றர் திறக்க ஏறத்தாழ 0.6 உவோற்று வேண்டும். ஆதலின் விளக்கு எரியாது. இருள் சூழத் தடை உயர்ந்து 5 கிலோ ஓமைச் சற்றே கடக்கும்போது அவ்வெல்லை எட்டப்படும். முற்றாக இருண்டபின் அடிக்குச் செல்லும் ஓட்டம் 0.11 மில்லி அம்பியர் அளவினது. திரான்சிற்றர் அதனை நூறு மடங்கு பெருக்குமாயின், 11 மில்லி அம்பியர் ஓட்டத்தில் ஓர் ஒளிகாலும் இருவாயி எரியும்.

கணக்கு இத்துடன் முடிவதன்று. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் நண்பகலிலும் மூடுபனி கவியும். சமவெளிக்கு அமைத்த விளக்கு இங்கே பகலிலும் எரிந்து மின்கலத்தை வீணாக்கக்கூடும். எல்லையை இன்னும் இருளின் பக்கம் நகர்த்த, 47 கிலோ ஓமுக்குப் பதிலாக 470 கிலோ ஓமை இடலாம். அவ்வாறு செய்யின் அடியின் ஓட்டம் பத்திலொன்றாகக் குறைந்து விளக்கு மங்கும். அதனை ஈடுசெய்ய இரண்டாவது திரான்சிற்றரொன்றை முதலாவதோடு இணைக்க வேண்டும். இணைத்ததும் திறக்கும் எல்லை 1.2 உவோற்றாக உயரும். கணக்கை மீண்டும் தொடங்க வேண்டும். விளக்கின் ஒளி உணரியின்மீதே படுமாயின், எரிந்ததும் அது பகலென மயங்கி அணையும். அணைந்ததும் மீண்டும் எரியும். ஆகவே உணரியை வானை நோக்கியும் விளக்கை நிலத்தை நோக்கியும் வைத்தல் வேண்டும். ஒன்றைத் திருத்த இன்னொன்று மாறுவதும், மாறியதை மீண்டும் அளப்பதுமே வடிவமைப்பு என்னும் கலை. இதனை நூலைக்காட்டிலும் மூடுபனி நன்கு கற்பிக்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் மின்கருவிகளிற் கட்மியத்தைக் கட்டுப்படுத்தியமையால், இன்று ஒளியிருவாயிகளே பல இடங்களில் உணரியாக அமைகின்றன. சூரியப்படலத்தால் மின்னேற்றப்படும் விளக்குகளில் தனி உணரியும் வேண்டுவதில்லை. படலத்தின் மின்னழுத்தம் வீழ்வதே இருட்டியதற்கு அறிகுறி.

எஞ்சி நிற்கும் வினா

இன்று லயங்கள் பலவற்றிலும் மின்விளக்கு எரிகின்றது. 2003ஆம் ஆண்டின் சட்டம் குடியுரிமைச் சிக்கலுக்கும் பெரும்பாலும் முடிவு கண்டது. எனினும் 2022 மார்ச் 31 முதல் எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணியின்றி நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது, மின்சாரத்தை முழுதும் நம்பியிருப்பதன் இடர் யாவர்க்கும் புலனாயிற்று. காம்பராவிலிருந்து குடிநீர்க் குழாய்க்கும் கழிவறைக்கும் செல்லும் படிகளிலும், விடியுமுன் வேலைக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையிலும் இருள் இன்னும் உண்டு. மாணவரொருவர் ஆக்கும் தானியங்கு விளக்கு பொருத்தமான இடத்தைப் பெறுவது அங்கேயே. பரீட்சைப் புள்ளியைப் பெற்றபின் அலுமாரியில் வைக்கப்படும் விளக்கைவிட, அப்படியொன்றில் ஒரு மழைக்காலம் முழுதும் எரியும் விளக்கு மிகுதியாகக் கற்பிக்கும்.

1873 முதல் ஒளியை உணரும் பொருளும், 1907 முதல் தானே எரியும் விளக்கும், 1950 முதல் வேண்டிய மின்வலுவும் மனிதர் கையில் இருந்தன. இவற்றுள் எதுவும் லயத்தை எட்டத் தாமதித்தமைக்குக் காரணமாகாது. இருளை அறிவது கருவிக்கு எளிதாயிற்று. அறிந்தபின் யாருடைய வாயிலில் ஒளியேற்றுவது என்பதை மனிதரே முடிவு செய்தனர். அம்முடிவுகள் சட்டங்களிலும் எல்லைக்கோடுகளிலும் எழுதப்பட்டிருந்தமையால், அவற்றை மாற்றுவதற்கும் நீண்டகாலம் பிடித்தது. மலையகத்தின் ஒளி வரலாறு பொறியியல் மாணவருக்கும் வரலாற்று மாணவருக்கும் ஒருங்கே உரிய பாடமாக அமைவது இக்காரணம் பற்றியே.