ஆட்டிசத்துக்காகப் பள்ளிப் பிள்ளைகள் நிதி கேட்கிறார்களா? கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

ஏப்ரல் 2 நெருங்கும்போது நகரங்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். நீல டீ-ஷர்ட் போட்ட பள்ளிப் பிள்ளைகள் அபார்ட்மென்ட்டில் கப்கேக் விற்பார்கள். ஆன்லைனில் நிதி திரட்டும் பக்கம் ஒன்றைத் தொடங்கி, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் லிங்க் அனுப்புவார்கள். நூறு ரூபாய் கொடுத்துட்டுப் போயிடலாம்தான். ஆனால் "இந்தக் காசு எதுக்குப் போகுது?" என்று கேட்டுப் பாருங்கள். "விழிப்புணர்வுக்கு" என்பதைத் தாண்டிப் பதில் வருவது கஷ்டம்.

விழிப்புணர்வு போதாதா?

உலக ஆட்டிசம் விழிப்புணர்வு தினத்தை ஐ.நா. பொதுச் சபை 2007-ல் அறிவித்தது. 2008 முதல் கடைப்பிடிக்கிறார்கள். அப்போது பலருக்கு அந்தச் சொல்லே புதிது. இப்போது ஆட்டிசம் உள்ளவர்களே கேட்பது வேறு: ஏற்பு. புதிர்த் துண்டு சின்னத்தை அவர்களில் பலர் விரும்புவதில்லை, தங்களிடம் ஏதோ குறைகிறது என்று அது சொல்வதால். 'ஆட்டிசம்' என்ற பெயரிலேயே வரும் ஆய்விதழ் 2018-ல் அதை அட்டையிலிருந்து எடுத்துவிட்டது. நம்ம ஊர் போஸ்டர்களில் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

இந்தியாவில் ஏற்பு என்பது பெரும்பாலும் வகுப்பறையில் ஓர் இடம். 1995-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளைக் காட்டியது. அதிலும் ஆட்டிசத்துக்குத் தனிக் கட்டம் கிடையாது. 2016 சட்டம்தான் 21 குறைபாடுகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது. பாகுபாடில்லாமல் பள்ளிகள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் பிரிவு 16-ன் வாசகம், அதற்கு அரசு "முயல வேண்டும்" என்பதுதான். அந்த ஒரு வினைச்சொல்லின் இடைவெளியில்தான் "உங்க பையனுக்கு எங்க ஸ்கூல் செட் ஆகாது" என்ற பதில் பெற்றோருக்குக் கிடைக்கிறது.

அதனால், நிதி திரட்டுவது ஒரு பள்ளி என்றால் என் முதல் கேள்வி இதுதான்: உங்கள் பள்ளியில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கிறார்கள்? ஷேடோ டீச்சர், ஆசிரியர் பயிற்சி, சத்தம் தாங்காத பிள்ளை கொஞ்ச நேரம் உட்கார ஓர் அமைதியான அறை என்று செலவு இருக்கும் இடங்கள் பல. பேனருக்கும் டீ-ஷர்ட்டுக்கும் போனால் அது பள்ளியின் விளம்பரச் செலவு, அவ்வளவுதான்.

பணம் யார் கணக்குக்குப் போகிறது?

18 வயதுக்குக் கீழே உள்ளவர் செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. எனவே ஆன்லைன் பக்கத்துக்குப் பெரியவர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பணம் நேரடியாக அமைப்பின் கணக்குக்குப் போவது நல்லது. 80ஜி என்று நமக்குப் பழகிய வரிச்சலுகை, அந்தப் பதிவு உள்ள அமைப்புக்குக் கொடுத்தால்தான் கிடைக்கும். தனி ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தால் கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது. புதிய வரி முறையில் இருந்தால் எப்படிக் கொடுத்தாலும் இல்லை.

ஒரு குடும்பத்தின் தெரபி செலவுக்காகத் திரட்டுகிறார்கள் என்றால், தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் சேர்ந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தெரபியும் அதில் அடக்கம்.

போட்டோ விஷயத்தில் கறாராக இருங்கள். அழும் குழந்தையின் படம் அதிகப் பணம் கொண்டுவரலாம். அந்தக் குழந்தை வளர்ந்து வேலை தேடும்போதும் அதே படம் கூகுளில் வரும். அதைவிட, கப்கேக் விற்கும் குழுவிலேயே அந்தக் குழந்தையும் இருக்கிறதா என்று பாருங்கள்.